தாய்மடிப் பள்ளிக்கூடமும் 405 தசைகளும்

"மூக்கு எங்கே?" என்று கேட்டால் குழந்தை மூக்கைத் தொடும். "காது எங்கே?" என்றால் காதைப் பிடிக்கும். "தொப்பை எங்கே?" என்றால் சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தானே சிரிக்கும். புத்தகம், பரீட்சை எதுவும் இல்லாமல் ஒரு மனிதர் கற்கும் முதல் அறிவியல் பாடம் அனேகமாக இதுதான். ஆனால் இதை யாரும் பாடம் என்று நினைப்பதில்லை. சோறு ஊட்டும்போது பிள்ளை வாயைத் திறப்பதற்காகச் செய்யும் விளையாட்டு, அவ்வளவுதான்.

இது விளையாட்டும்தான், பாடமும்தான், பள்ளிக்கு அனுப்பும் முன்பே வீட்டில் ஒழுங்காக நடத்த வேண்டிய பாடம் என்று ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதி வைத்தார். பெயர் யான் ஆமோஸ் கொமென்ஸ்கி. லத்தீன் வழக்கில் கொமேனியஸ். இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் 1592-ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று பிறந்தவர். பி.எட். படிப்பவர்களுக்கு இவர் பெயர் தெரிந்திருக்கும் (இரண்டு மதிப்பெண் கேள்வியாக!). மற்றவர்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு.

குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதியவர் என்றவுடன், நிம்மதியான வீட்டில் பிள்ளைகள் சூழ உட்கார்ந்து எழுதினார் என்று தோன்றும். நடந்தது நேர் எதிர். கொமேனியஸ் 12 வயதளவிலேயே பெற்றோர் இருவரையும் இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்தார். லத்தீன் பள்ளிக்குள் காலடி வைத்தபோது வயது 16. தன்னைவிடச் சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார வேண்டிய நிலை. அந்தக் காலப் பள்ளிகள் எப்படி இருந்தன என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவே இல்லை. பள்ளிகள் பிள்ளைகளுக்குப் பயமூட்டும் இடங்கள், அறிவைக் கசாப்புப் போடும் இடங்கள் என்ற பொருளில் பின்னாளில் கடுமையாகவே எழுதினார்.

பிறகு ஜெர்மனியில் படித்துத் திரும்பி ஆசிரியராகவும், 'சகோதரர் ஐக்கியம்' என்ற சிறிய புராட்டஸ்டண்டு சபையின் போதகராகவும் வேலை பார்த்தார். 1618-இல் தொடங்கியது முப்பதாண்டுப் போர். 1620 நவம்பரில் பிராக் நகருக்கு வெளியே வெள்ளைமலையில் நடந்த சண்டையில் செக் புராட்டஸ்டண்டுகள் தோற்றார்கள். அதோடு அவருடைய ஊர், வேலை, புத்தகங்கள் எல்லாம் போயின. உயிருக்குப் பயந்து மறைந்து திரிந்த நாட்களில், 1622-இல், கொள்ளைநோய் வந்தது. இளம் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதில் இறந்து போனார்கள். அப்போது அவருக்கு 30 வயது.

கத்தோலிக்கத்துக்கு மாறு, இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ என்று பேரரசர் ஆணையிட்டார். 1628-இல் கொமேனியஸ் மறுமணம் செய்த மனைவியோடும் சபை மக்களோடும் எல்லையைக் கடந்து போலந்தின் லெஷ்னோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது. திரும்பும்போது இடிந்து கிடக்கும் நாட்டைக் கட்ட வேண்டுமே, அதற்கு எங்கிருந்து தொடங்குவது? பிள்ளைகளிடமிருந்து என்பது அவர் பதில். பள்ளிக்கூடங்கள் எரிந்து போயிருக்கலாம், ஆசிரியர்கள் சிதறிப் போயிருக்கலாம். ஆனால் தாய் இருக்கும் இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கத்தான் செய்யும்!

அந்த லெஷ்னோ ஆண்டுகளில் செக் மொழியில் எழுதியதுதான் பெற்றோருக்கான அந்தக் கையேடு. தலைப்பைத் தமிழில் 'தாய்ப் பள்ளிக்கான வழிகாட்டி' எனலாம். ஆங்கிலத்தில் 'ஸ்கூல் ஆஃப் இன்ஃபன்சி' என்று பெயர். இதே காலத்தில் அவர் எழுதிக்கொண்டிருந்த பெரிய நூலான 'டிடாக்டிகா மேக்னா' கல்வியை ஆறு ஆறு ஆண்டுகளாக நான்கு கட்டமாகப் பிரிக்கிறது. கடைசி மூன்று கட்டங்களுக்கும் கட்டடம் வேண்டும்: தாய்மொழிப் பள்ளி, லத்தீன் பள்ளி, பல்கலைக்கழகம். முதல் கட்டத்துக்கு மட்டும் கட்டடம் கிடையாது. அதற்கு அவர் சொன்ன இடம் தாயின் மடி. 'மடி' என்ற சொல்லையேதான் லத்தீனில் பயன்படுத்துகிறார்.

மடியில் என்ன பாடம்? நெருப்பு, நீர், மழை, பனி, கல், மரம் இவற்றின் பெயர்கள். கொஞ்சம் எண்ணிக்கை. நேற்று, இன்று, நாளை. வீட்டிலுள்ள பொருட்கள். இந்த வரிசையில் உடம்பும் வருகிறது. குழந்தை தன் உடம்பின் வெளி உறுப்புகளின் பெயர்களையும், அவை எதற்குப் பயன்படுகின்றன என்பதையும் ஆறு வயதுக்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். பெயர் மட்டும் போதாது, வேலையும் தெரிய வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். "காது எங்கே?" என்பதோடு நின்றுவிடாமல் "காதால் என்ன செய்வாய்?" என்று அடுத்த கேள்விக்குப் போவது. முதல் கேள்வி மொழிப்பாடம், இரண்டாவது கேள்வி உடலியல். மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டுக்குமே பதில் சொல்ல வரும்.

அதே நூலில் ஆரோக்கியத்துக்கென்று தனி அத்தியாயமே உண்டு. கருவுற்ற தாய் தன்னைக் கவனித்துக்கொள்வதிலிருந்து அது தொடங்குகிறது. பெற்ற தாயே பால் கொடுக்க வேண்டும், செவிலியிடம் விடக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறார் (வசதியான குடும்பங்களில் செவிலித்தாய் வைப்பது அன்றைய ஐரோப்பாவில் சாதாரண வழக்கம்). தேவையில்லாமல் மருந்து கொடுத்துப் பழக்கக் கூடாது. ஓடியாட விட வேண்டும், எறும்பு மாதிரி எப்போதும் ஏதாவது செய்துகொண்டிருப்பதே பிள்ளைகளுக்கு நல்லது. ஐந்து, ஆறு வயது வரை மூளை இன்னும் கெட்டிப்படவில்லை, அதனால் ஆறு வயதுக்கு முன் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்றும் எழுதுகிறார். இரண்டரை வயதில் எல்.கே.ஜி. இண்டர்வியூவுக்குத் தயார் செய்யும் பெற்றோர் இந்தப் பக்கத்தைப் படித்தால் என்ன சொல்வார்களோ.

இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது 1622 ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. சொந்தப் பிள்ளைகளை அவரால் காப்பாற்ற முடியவில்லை. நூலில் அவர்களைப் பற்றிப் புலம்பல் எதுவும் கிடையாது. பிள்ளைகள் வெள்ளியையும் பொன்னையும் விட உயர்ந்த செல்வம் என்று முதல் அத்தியாயத்திலேயே விரிவாக வாதாடுகிறார். சமய நூல்களில் வழக்கமாக வரும் வாசகம்தான். ஆனாலும் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவர் எழுதும்போது அதன் கனம் வேறு.

டிடாக்டிகாவில் இன்னொரு சுவையான யோசனையும் இருக்கிறது. மருத்துவம் படிக்கும் மாணவனுக்கு உடலின் அமைப்பை எப்படிக் காட்டுவது? உண்மையான எலும்புக்கூடு ஒன்றை எடுத்துக்கொள். தசை, நரம்பு, ரத்தக்குழாய், குடல், நுரையீரல், இதயம், ஈரல் எல்லாவற்றையும் தோலில் தைத்து, உள்ளே கம்பளி மயிரை அடைத்து, சரியான அளவில் சரியான இடத்தில் பொருத்து. ஒவ்வொன்றின் மேலும் அதன் பெயரையும் வேலையையும் எழுதி ஒட்டு. பிறகு பார், எவ்வளவு சுலபமாகப் புரிகிறது என்கிறார். இன்று கடைகளில் விற்கும், குடலையும் ஈரலையும் கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் பொம்மையின் கொள்ளுத்தாத்தா இதுதான் எனலாம். உடம்பு மாதிரி பெரிய சிக்கலான பொருளைக்கூட கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கற்க வேண்டும், வார்த்தையால் மட்டும் சொல்லிக்கொடுத்தால் வார்த்தைதான் மிஞ்சும் என்பது அவருடைய பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்திலிருந்து பிறந்ததுதான் அவருடைய மிகப் புகழ்பெற்ற புத்தகம். தாய்ப் பள்ளிக்கு இரண்டு துணைகள் வேண்டும் என்று டிடாக்டிகாவிலேயே கேட்டிருந்தார். ஒன்று, பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி. அது எழுதியாகிவிட்டது. இரண்டாவது, குழந்தையின் கையிலேயே நேராகக் கொடுக்க ஒரு படப்புத்தகம். இதற்கு மட்டும் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நடுவில் லண்டன், ஸ்வீடன் என்று அலைந்தார். இரண்டாவது மனைவியும் 1648-இல் இறந்தார். 1650 முதல் 1654 வரை ஹங்கேரியில் ஷாரோஷ்பட்டாக் என்ற ஊரில் பள்ளி நடத்தியபோதுதான் படப்புத்தகத்தை எழுதினார். மரக்கட்டையில் படம் செதுக்கத் தேர்ந்த ஆள் அங்கே கிடைக்காததால் கையெழுத்துப் பிரதி ஜெர்மனியின் நியூரம்பர்க் நகருக்குப் போயிற்று.

புத்தகம் வெளிவருவதற்குள் இன்னொரு இடி. போலந்துக்கும் ஸ்வீடனுக்கும் நடந்த போரில், 1656 ஏப்ரலில், லெஷ்னோ நகரம் கொளுத்தப்பட்டது. ஹங்கேரியிலிருந்து திரும்பியிருந்த கொமேனியஸ் உடுத்திய துணியோடு தப்பினார். வீடும் நூலகமும் போனது பெரிதல்ல. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்து வந்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதி அந்தத் தீயில் சாம்பலாயிற்று. அந்த இழப்பை மட்டும் சாகும்வரை மறக்க முடியாது என்று வருந்தினார். பிறகு ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் தஞ்சம் புகுந்தார். அங்கே இருந்தபோதுதான் 1658-இல் நியூரம்பர்க்கில் படப்புத்தகம் அச்சாகி வந்தது. 'ஆர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்', அதாவது கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் உலகம், படங்களில்.

150 பாடங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே ஒரு படம், கீழே லத்தீனிலும் ஜெர்மனிலும் சின்னச் சின்ன வாக்கியங்கள். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அதே எண் வாக்கியத்திலும் இருக்கும். எண்ணைப் பிடித்துக்கொண்டு படத்துக்கும் சொல்லுக்கும் போய்வர வேண்டியதுதான். இன்றைய அறிவியல் பாடப்புத்தகத்தில் 'பாகங்களைக் குறி' என்று வரும் படத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லத்தீன் சொல்லிக்கொடுப்பது முக்கிய நோக்கம், உண்மைதான். ஆனால் முன்னுரையில் ஓர் அருமையான யோசனை இருக்கிறது: பள்ளிக்கு அனுப்பும் முன்பே, வீட்டில், இந்தப் புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுங்கள், இஷ்டம்போல் படம் பார்த்து மகிழட்டும், படங்களைப் பார்த்து வரையவும் விடுங்கள் என்கிறார். புத்தகம் என்றால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் சொத்தாக இருந்த காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்!

மனித உடம்பு 35-ஆம் பாடத்தில் ஆதாம் ஏவாளோடு தொடங்கி 43 வரை போகிறது. அதில் 'வெளி உறுப்புகள்' என்ற பாடத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆடையின்றி நிற்கிறார்கள். தலை மேலே, பாதம் கீழே என்று குழந்தைக்குச் சொல்வது போலவே எளிமையாகத் தொடங்கி, கழுத்து, மார்பு, முதுகு, வயிறு, நடுவில் தொப்புள், கீழே தொடையிடுக்கு என்று எண் போட்டுக்கொண்டே இறங்குகிறது. அடுத்து அந்தரங்க உறுப்புகளும் ஒரு சொல்லாக வருகின்றன. 1659-இல் சார்லஸ் ஹூல் என்ற ஆசிரியர் கொண்டுவந்த ஆங்கிலப் பதிப்பில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எண் கிடையாது. தொடையிடுக்குக்கு 11, அதற்குப் பின் எண் இல்லாமல் அந்தச் சொல், பிறகு தோள்பட்டைக்கு 12. பெயரை விழுங்கவில்லை. விரலை நீட்டிக் காட்டவும் இல்லை.

இந்த இடம் யோசிக்க வைக்கிறது. ஒரு கிறிஸ்தவ ஆயர், 17-ஆம் நூற்றாண்டில், சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில் அந்தச் சொல்லைத் தவிர்க்காமல் போட்டிருக்கிறார். இன்று பல வீடுகளில் மூக்குக்கும் முழங்காலுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் சொல்லித் தருகிறார்கள். அந்த உறுப்புக்கு மட்டும் ஏதோ ஒரு செல்லப்பெயர், அல்லது "ஷேம் ஷேம்". உறுப்புகளின் சரியான பெயர் தெரிந்த குழந்தையால் வலியையோ, யாராவது தவறாகத் தொட்டதையோ தெளிவாகச் சொல்ல முடியும் என்று குழந்தை மருத்துவர்கள் இன்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். "ஷேம்" என்று பெயர் வைத்துவிட்டால் அதைப் பற்றிப் பேசுவதே வெட்கம் என்றுதானே குழந்தை நினைக்கும்? கொமேனியஸ் இந்தக் காரணத்துக்காக எழுதவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டுகிறேன் என்று கிளம்பியவருக்கு நடுவில் ஒன்றை மட்டும் தாண்டிப் போக மனம் வரவில்லை, அவ்வளவே. ஆனாலும் அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

பின்னால் வரும் இன்னொரு பாடம், 'தசையும் உள்ளுறுப்புகளும்'. தோலை உரித்தால் உள்ளே தசை தெரியும், அது ஒரே கட்டியாக இல்லாமல், இறைச்சியைத் திணித்த குடல்களைப் போலத் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும் என்கிறது பாடம். இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் 'ஸாசேஜ்' என்று உடனே புரிந்துகொள்வார்கள். அப்படிப்பட்ட தசைகள் மொத்தம் 405 என்று கணக்கும் கொடுக்கிறது. (இன்றைய கணக்கு 600-க்கு மேல்.) பிறகு மண்டையோட்டுக்குள் மூளை, மார்புக்குள் இதயமும் நுரையீரலும், வயிற்றுக்குள் இரைப்பை, குடல், ஈரல், மண்ணீரல், இரண்டு சிறுநீரகம், மூத்திரப்பை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம்கூட விடுபடவில்லை. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இது தாராளம்.

ஆனால் எல்லாம் சரியா? இல்லை. 'குழாய்களும் எலும்புகளும்' என்ற பாடத்தில் சிரைகள் ஈரலிலிருந்து ரத்தத்தைக் கொண்டு போகின்றன, தமனிகள் இதயத்திலிருந்து சூட்டையும் உயிரையும் கொண்டு போகின்றன என்று இருக்கிறது. சிறுநீர்க் குழாய் ஈரலிலிருந்து மூத்திரப்பைக்கு வருகிறதாம். சிரையும் தமனியும் பற்றிச் சொன்னது கேலன் என்ற பழைய கிரேக்க மருத்துவரின் கொள்கை, அப்போதே 1,400 ஆண்டுப் பழசு. அதைவிட முக்கியம், ரத்தத்தைப் பற்றிய அந்தக் கொள்கை தவறு என்று அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே ஒருவர் நிரூபித்துவிட்டார்.

1628. கொமேனியஸ் நாட்டை விட்டுக் கிளம்பிய அதே ஆண்டு. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில் ஒரு சின்னப் புத்தகத்தை அச்சிட்டார். இதயம் ஒரு தடவை துடிக்கும்போது வெளியேறும் ரத்தம் எவ்வளவு, அரை மணி நேரத்தில் எத்தனை துடிப்பு என்று பெருக்கிப் பார்த்தார். உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தையும் மிஞ்சி வந்தது விடை. ஈரல் இவ்வளவு ரத்தத்தைப் புதிது புதிதாகத் தயாரிக்க வழியே இல்லை. ஆகவே இருக்கும் ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். கையில் துணியை இறுக்கிக் கட்டி, புடைக்கும் சிரையை விரலால் அழுத்தித் தள்ளி, ரத்தம் இதயத்தை நோக்கி ஒரே திசையில்தான் போகிறது என்று படம் போட்டே காட்டினார். எந்த வீட்டிலும், யார் கையிலும் செய்து பார்க்கக்கூடிய சோதனை! தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் போகும் மிக நுண்ணிய குழாய்களை மட்டும் அவரால் காண முடியவில்லை. அவற்றைத் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியே மால்பிகி கண்டது 1661-இல், படப்புத்தகம் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து.

கண்ணால் பார்த்துக் கற்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர், தன் கைச் சிரையை அழுத்திப் பார்க்காமல் கேலனைப் பார்த்து எழுதிவிட்டார். வானவியலிலும் இதே கதை. கோபர்நிகஸ் தன் கையால் எழுதிய மூலப் பிரதியையே 1614-இல் ஹைடல்பர்க்கில் விலை கொடுத்து வாங்கிய கொமேனியஸ், படப்புத்தகத்தில் பூமி நடுவில் நிற்க வானம் சுற்றுகிறது என்றே எழுதினார். இதைச் சொல்லி அவரைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் உண்டு. பாடப்புத்தகம் எப்போதுமே ஆராய்ச்சிக்குப் பின்னால்தான் நொண்டி நொண்டி வரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று இடம் பிரித்துக் காட்டும் படம் 1901-இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வுக் கட்டுரையைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் பரவியது. நாக்கில் எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும் என்று நிறுவப்பட்ட பிறகும் பல பத்தாண்டுகள் அந்தப் படம் பள்ளிப் புத்தகங்களில் இருந்தது. சிரைக்கு நீல வண்ணம் அடித்த படத்தைப் பார்த்து, உடம்புக்குள் ரத்தம் நீலமாக இருக்கும் என்று நம்பும் பெரியவர்கள்கூட இருக்கிறார்களே.

எலும்புப் பாடத்தில் ஒரு வேடிக்கை. விலா எலும்பு 24 என்கிறது, சரி. முதுகெலும்புக் கணுக்கள் 34 என்கிறது, ஒன்று கூடுதல். பல் 32 என்கிறது. அதுவும் சரிதான், பெரியவர்களுக்கு. ஆனால் வீட்டில் தரையில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைப் பார்க்கும் நாலு வயதுக் குழந்தை கண்ணாடி முன் வாயைத் திறந்து எண்ணினால் 20 பால்பற்கள்தான் இருக்கும்! "உன் உடம்பிலிருந்து தொடங்கு" என்பதுதான் தாய்மடிப் பள்ளியின் முறை. படப்புத்தகமோ பல இடங்களில் பெரியவரின் உடம்பைக் காட்டிவிடுகிறது. குழந்தைகளுக்கான எத்தனையோ உடல் படங்களில் இந்தக் குறை இன்றும் அப்படியே இருக்கிறது.

உள்ளே இருப்பதைக் காட்ட முடியாத இடத்துக்கு வந்தபோது என்ன செய்தார்? 42-ஆம் பாடம் 'மனிதனின் ஆன்மா'. ஒரு விரித்த துணியின் மேல், புள்ளிகளால் மட்டுமே ஆன மனித உருவக்கோடு. உடம்பின் அதே வடிவம், உள்ளே ஒன்றும் இல்லை. ஆன்மாவுக்குப் படம் போடு என்றால் பெரிய ஓவியர்களே தடுமாறுவார்கள். பார்க்கும் குழந்தைக்கு ஏதோ புரியும், அல்லது பயப்படும்.

கடைசிப் பாடமான 43 இன்று படிக்கச் சங்கடமானது. ராட்சத உருவம், குள்ளர், இரண்டு தலை, கூன், வழுக்கை என்று 'மாறுபட்ட' உடம்புகளை ஒரே படத்தில் நிறுத்தி அவலட்சணம் என்ற தலைப்பு போட்டுவிட்டார். இந்த உடம்புகள் எல்லாவற்றையும் அவலட்சணமாகப் பிள்ளைகளுக்குக் காட்டிய அந்தப் பக்கத்தைக் காலம் அப்படி என்று சொல்லித் தள்ளிவிட முடியவில்லை. ஆண், பெண், ஏழை, பணக்காரன் எல்லோருக்கும் கல்வி வேண்டும் என்று எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது.

குறைகளோடேயே புத்தகம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. நூறு ஆண்டு கழித்து ஃபிராங்க்பர்ட்டில் குழந்தையாக இருந்த கதேயின் கைக்கு அந்த வகையில் எட்டிய ஒரே படப்புத்தகம் இதுதான் என்று அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 'தாய்மடி' என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டு போனவர் இன்னொரு ஜெர்மானியர், பிரெடரிக் ஃபுரோபல். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர் என்பது தற்செயலா தெரியவில்லை. கிண்டர்கார்டன் என்ற சொல்லைத் தந்த இவர் 1844-இல் தாய்மார்களுக்கான ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். மல்லாந்து படுத்திருக்கும் குழந்தை தாயின் உள்ளங்கையை உதைக்கும் விளையாட்டு, விரல்களைக் குடும்பமாக்கி எண்ணும் விளையாட்டு என்று உடம்பையே பொம்மையாக்கிய பாட்டுகள். பிரஷ்ய அரசு 1851-இல் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. மறு ஆண்டு ஃபுரோபல் இறந்தார், தடை நீங்கியது 1860-இல்.

தமிழ்நாட்டுக்கும் ஒரு மெல்லிய இழை இருக்கிறது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்க் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கே நடத்திய நிறுவனத்தோடு தொடர்புடையவர். கொமேனியஸ் கடைசி வரை எழுதி முடிக்காமல் விட்ட மாபெரும் நூலின் கையெழுத்துப் பிரதி அந்த நிறுவனத்தின் அனாதை விடுதி நூலகத்தில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. 1930-களின் நடுவில்தான் ஓர் உக்ரைனிய அறிஞர் கண்ணில் பட்டது, முழுதாக அச்சானது 1966-இல், பிராக்கில். அதில் கொமேனியஸ் பள்ளிகளின் பட்டியலை இன்னும் நீட்டியிருக்கிறார். தாய்மடிக்கும் முன்னால் ஒரு பள்ளி: கருப்பை.

அவர் 1670 நவம்பரில் இறந்தார், நெதர்லாந்தின் நார்டன் என்ற ஊரில் அடக்கம். ஊர் திரும்பவே இல்லை. செக் தாய்மார்களுக்காகச் செக் மொழியில் எழுதிய வழிகாட்டி 1633-இல் ஜெர்மன் மொழியில் அச்சாகியிருந்தது, பிறகு லத்தீனிலும் வந்தது. யாருக்காக எழுதினாரோ அவர்கள் மொழியில் மட்டும் வரவில்லை. டிடாக்டிகாவின் செக் மூலமும் தொலைந்து போனதாகவே கருதப்பட்டது. 1841-இல் லெஷ்னோ நகரில் பழைய காகிதங்களுக்கு நடுவே அதைக் கண்டெடுத்தவர் ஒரு மருத்துவர், செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கின்யே. சிறுமூளையில் உள்ள 'புர்கின்ஜி செல்கள்' இவர் பெயரால் வழங்குகின்றன. சூட்டையும் உயிரையும் அனுப்புகிறது என்று கொமேனியஸ் பிள்ளைகளுக்கு எழுதிய இதயத்தில், துடிப்பைக் கடத்தும் இழைகளை 1839-இல் கண்டு சொன்னவரும் இவரே. செக் டிடாக்டிகா 1849-இல் அச்சேறியது. தாய்மடிக்கான அந்தச் சின்ன வழிகாட்டி செக் மொழியில் வெளிவந்தது 1858-இல், படப்புத்தகம் வந்து சரியாக 200 ஆண்டுகள் கழித்து.